உரிமம் இருக்கிறது, உத்தரவு இல்லை

‘ஐயா, ஸ்ரீமுஷ்ணம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர். மல்லாட்டையும் மக்காச்சோளமும் வைக்கிறோம். காட்டுப்பன்றி விடமாட்டேன் என்கிறது. ஒரே ராத்திரியில் அரை ஏக்கரைக் கிளறிப் போட்டுவிடுகிறது. அப்பா பெயரில், பயிர்ப் பாதுகாப்புக்கென்று கலெக்டர் கொடுத்த உரிமத்தோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. அப்பா போன வருஷம் தவறிவிட்டார். பயிரைக் காக்கத்தானே உரிமம் கொடுத்தார்கள்? அதை வைத்து ஒரு பன்றியைச் சுட்டால் என்ன தப்பு? பக்கத்துக் கொல்லைக்காரர் கரண்டு வைக்கிறார். அதற்கு இது மேல்தானே?’

‘எங்கள் ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம், வேலைக்குச் சிதம்பரம் போய்வருகிறேன். பத்தாவது படிக்கும் மகனுக்கு அவன் தாய்மாமன் ஏர்கன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று கடையில் சொன்னார்களாம். பள்ளிக்கூடம் விட்டதும் வீராணம் கரைக்குக் கொக்கு, மடையான் அடிக்கப் போய்விடுகிறான். பையன்தானே, விளையாட்டுத்தானே என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனசு ஒப்பவில்லை. கண்டிக்கலாமா?’

ஸ்ரீமுஷ்ணம்காரருக்கு முதலில். சுடாதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன். இன்று ராத்திரி அந்தத் துப்பாக்கியோடு கொல்லைக்குப் போகாமல் இருந்தால் போதும். உங்கள் எரிச்சல் புரியாமல் இல்லை. பூவராகப் பெருமாள் கோயில் கொண்ட ஊர் உங்களுடையது. வராகம் பூமியைத் தூக்கி நிறுத்திய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள், அதன் வம்சம் பூமியைத் தோண்டிப் போடுவதை விடிய விடியக் கண்விழித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் குழம்பியிருக்கும் இடம், எல்லோரும் குழம்புகிற இடம்தான். துப்பாக்கியை வைத்திருக்க விடுவது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். ஒரு விலங்கைக் கொல்லலாமா என்று சொல்வது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். முன்னதன் காகிதம் கலெக்டர் அலுவலகத்தில் கிடைக்கும். பின்னதன் உத்தரவு வனத்துறையிலிருந்து, எழுத்தில் வர வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்குக் கேட்பவருக்கு உரிமம் தரலாம் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. உங்கள் அப்பா வாங்கியது அதுவாகத்தான் இருக்கும். அந்த வரி எழுதப்பட்ட காலத்தில், கொல்லையில் இறங்கிய பன்றியைச் சுட இன்றுள்ள தடை இல்லை. 1972இல் சட்டம் வந்தது. 1991இல் அதைத் திருத்தி, உரிமம் பெற்று வேட்டையாடும் முறையையே எடுத்துவிட்டார்கள். துப்பாக்கி உரிமத்தில் ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்ற வாசகம் மட்டும் பழையபடியே நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள்.

இரண்டு சட்டமும் தனித்தனி என்பதற்கு நாடே பார்த்த சாட்சி ஒன்று உண்டு. 1998இல் ராஜஸ்தானில் நடந்த மான்வேட்டை தொடர்பாக நடிகர் சல்மான் கான் மீது போட்ட வழக்குகளில், ஆயுதச் சட்டத்தின்கீழ் இருந்த வழக்கிலிருந்து 2017 ஜனவரியில் ஜோத்பூர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வெளிமான் வழக்கில் 2018 ஏப்ரலில் அதே ஊர் நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அவர் ஜாமீனில் வந்து மேல்முறையீடு செய்தார். துப்பாக்கிக் கணக்கு சரியாக இருந்தாலும் மான் கணக்கு தனியாக நிற்கும்.

உங்கள் கணக்கில் துப்பாக்கிப் பக்கமும் சரியாக இல்லை. உரிமம் அப்பாவுக்குக் கொடுத்தது. அவர் இறந்த பிறகு அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பதே உரிமமில்லாமல் வைத்திருப்பதுதான். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தது இரண்டாண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை. பன்றி இப்போது வனவிலங்குச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே, வேட்டைக்குப் பயன்பட்ட துப்பாக்கிக்கான உரிமத்தை ரத்து செய்து, ஐந்தாண்டுக்குப் புது உரிமம் கிடைக்காதபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நாற்று மேயும் மயிலைச் சுடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். மயில் முதல் அட்டவணை. அங்கே தண்டனை தொடங்குவதே மூன்றாண்டில்.

தண்டனைக்குப் பயந்து ஒரு விதியைக் கடைப்பிடிப்பது ஒருவகை. ஆனால் கொல்லையில் ராத்திரி பதினொரு மணிக்குப் போலீசும் இல்லை, வனக்காவலரும் இல்லை. சுட்டவருக்கும் பன்றிக்கும் மட்டும் தெரிந்த காரியம் அது. அதனால் சட்டப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, நீங்கள் கேட்ட ‘என்ன தப்பு’ என்ற கேள்விக்கு வருகிறேன்.

1972 முதல் 1991 வரை இந்த நாட்டில் உரிமம் வாங்கி வேட்டையாட முடிந்தது என்றேன் அல்லவா? அப்போது நடைமுறையில் இருந்த 17ஆம் பிரிவு வேட்டைக்காரனுக்காகவே எழுதப்பட்டது. என்ன சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். பெரிய விலங்கை ரைஃபிளால்தான் சுட வேண்டும். ஷாட்கன் என்றால், உரிமத்தில் தனியாக அனுமதி இருந்து, ஒற்றைக் குண்டுத் தோட்டா போட்டுத்தான் சுடலாம். ரவையைத் தூவிச் சுடுவதற்கு இடமில்லை. ஓடும் வண்டியிலிருந்து சுடக் கூடாது. பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கூடாது. விளக்கடித்துக் கூடாது. உப்பு நக்க வரும் இடத்திலும், தண்ணீர் குடிக்கும் துறையிலும், அங்கே போகும் தடத்திலும் காத்திருந்து சுடக் கூடாது. வெடி, விஷம், கண்ணி, படுகுழி எதுவும் கூடாது. அடுத்தவர் நிலத்தில் அவர் சம்மதமில்லாமல் கூடாது. சிலவற்றுக்கு விதிவிலக்கு இருந்தது. மாமிசம் தின்னும் விலங்குக்கு அது அடித்துப் போட்ட இரையருகே ராத்திரியில் காத்திருக்கத் தனி அனுமதி வாங்கலாம், நீர்ப்பறவையை நீர்நிலையில் சுடலாம். ஆனால் விதியின் போக்கு ஒன்றுதான். கொல்வதென்றால் உடனே சாகும்படி கொல். தப்பிக்க அதற்கு வழி விடு. அடுத்த மனிதன் மேல் குண்டு படாத நேரத்தில், இடத்தில் சுடு.

இப்போது உங்கள் திட்டத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். ராத்திரி, கையில் டார்ச், பன்றி வரும் தடத்தில் உட்கார்ந்து, மருந்து கெட்டித்த நாட்டுத் துப்பாக்கியில் பால்ரஸ் போட்டு. வேட்டை சட்டப்படி நடந்த நாளிலேயே, உரிமம் பெற்ற வேட்டைக்காரனே செய்யக் கூடாத காரியம் இது. ஆக, 1991இல் வந்த முழுத்தடைதான் உங்களைக் குற்றவாளியாக்குகிறது என்று நினைக்க வேண்டாம்.

அந்த விதிகளை எழுதியவர்கள் வேட்டையை வெறுத்தவர்கள் அல்ல. துப்பாக்கியின் குணம் தெரிந்தவர்கள். நாட்டுத் துப்பாக்கியில் குழலுக்கும் குண்டுக்கும் இடையே சரியான பொருத்தம் கிடையாது. கரிமருந்தை எவ்வளவு போடுவது என்பது கைக்கணக்கு. போட்ட பால்ரஸ் குண்டுகள் குழலை விட்டதும் சிதறும்; கொஞ்ச தூரத்திலேயே வேகம் குறையும். பன்றியின் தோள்தோலும் அதன் அடியில் இருக்கும் கொழுப்பும் கெட்டி. இப்படிச் சுட்டால் பன்றி பெரும்பாலும் விழாது. குடலில் இரண்டு, தொடையில் ஒன்று என்று வாங்கிக்கொண்டு கரும்புக்குள் ஓடிவிடும். சீழ் பிடித்துச் சாக நாள் கணக்காகும். இதில் நீங்கள் யோசிக்காத ஒன்று இருக்கிறது. காயம்பட்ட பன்றி சுட்டவரைத் தேடி வராது. மறுநாள் காலை கரும்புக்குத் தோகை உரிக்கப் போகிறவர்மேல் பாயும். களையெடுக்க வரும் பெண்கள்மேல் பாயும். நீங்கள் குறி தவறியதற்கான விலையைக் கொடுப்பது, துப்பாக்கியைப் பார்த்தேயிராத ஒரு கூலிக்காரம்மா.

இன்னொன்று நம் மண்ணின் அமைப்பு. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், புவனகிரிப் பக்கம் தரை சமதளம். தவறிப் போகும் குண்டைத் தாங்க மேடோ பாறையோ கிடையாது. ராத்திரியில் வயல்வெளி காலியாகவும் இருக்காது. முறைத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வாய்க்கால் மதகில் குனிந்திருப்பார். நண்டு பிடிக்கிறவர் வரப்போரம் உட்கார்ந்திருப்பார். கொட்டகையில் காவலுக்குப் படுத்திருப்பவர் பீடி பற்றவைக்க எழுந்திருப்பார். டார்ச் வெளிச்சத்தில் புதருக்குள் இரண்டு கண் மின்னினால் அது பன்றியா, கட்டுத்தறி அறுத்துக்கொண்டு வந்த கன்றுக்குட்டியா என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவரை நான் பார்த்ததில்லை. பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்டுவிட்ட செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. சுட்டவர் பல நேரம் செத்தவருடைய சொந்தக்காரராகவே இருப்பார்.

கறியைப் பற்றியும் பேசிவிடுவோம், மறைக்க ஒன்றுமில்லை. முதல் பன்றியைப் பயிருக்காகச் சுடுவார்கள். நாலாவது பன்றிக்குள் கூறு போட ஆள் வந்துவிடுவார்கள், எடை போடத் தராசு வந்துவிடும். ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்ற சொல் அதற்குப் பிறகு வெறும் சாக்கு. அட்டவணை விலங்கு எப்படிச் செத்தாலும் அதன் உடல் அரசின் சொத்து. அது கையில் வந்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ போலீசுக்கோ சொல்ல வேண்டும். அந்தக் கறியை வாங்கித் தின்றவரும் வழக்கில் சேர்வார்.

கரண்டு வைக்கும் பக்கத்துக்காரரைவிட நீங்கள் மேல் என்கிறீர்கள். ஒருவகையில் உண்மை; துப்பாக்கியின் பின்னால் ஒரு கண்ணாவது இருக்கிறது, கொக்கி போட்ட கம்பிக்கு அதுவும் இல்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்காக இழுத்த கம்பியில் மூன்று யானைகள் செத்தன. நம் கடலூர் மாவட்டத்தில் யானை இல்லை. நம் கம்பியில் மனிதர்கள்தான் சாகிறார்கள். வெடியும் அதே ரகம். மேற்கு மாவட்டங்களில் அவுட்டுக்காய் என்பார்கள். பழத்துக்குள்ளோ கொழுப்புக்குள்ளோ வைத்த நாட்டு வெடி. 2020 மே மாதம் பாலக்காட்டில் வாய் சிதைந்து, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்த கர்ப்பிணி யானையை நினைவிருக்கும். கடித்தது பன்றியா, மேயப் போன உங்கள் பசுவா என்று வெடிக்குத் தெரியாது. ஆனால் பக்கத்துக்காரர் செய்வது இதைவிட மோசம் என்பது நீங்கள் செய்வதை நியாயமாக்காது.

சரி, பன்றியை என்ன செய்வது? அரசு காட்டும் வழி மெதுவானது, அதைப் பூசி மெழுகப் போவதில்லை. 2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் அறிவித்த ஏற்பாட்டில் தூரத்தை வைத்து மூன்று பகுதி பிரித்தார்கள். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட முடியாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடுவார்கள். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். சுடுகிறவர் வனத்துறை ஆள், நிலத்துக்காரர் அல்ல. ஆகவே உங்கள் மனுவில் ‘பன்றித் தொல்லை தாங்கவில்லை’ என்று மட்டும் எழுதிப் பிரயோசனமில்லை. கொல்லையின் சர்வே எண்ணும், அருகில் உள்ள காப்புக்காட்டிலிருந்து அது எத்தனை கிலோமீட்டர் என்பதும் அதில் இருக்க வேண்டும். எந்த நடவடிக்கை என்பதை அந்தத் தூரம்தான் தீர்மானிக்கும். சேதமான பயிரைக் கிளறிய அன்றே, தேதி தெரியும்படி படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரையும் வேளாண் உதவி அலுவலரையும் கூப்பிட்டுக் காட்டி, மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். மனுவின் ஒரு நகல் வனச்சரக அலுவலகத்துக்கு, இன்னொன்று மாவட்ட வன அலுவலருக்கு, மூன்றாவது மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு. தனியாளாகப் போகாதீர்கள், பக்கத்துக் கொல்லைக்காரர்கள் பத்துப் பேரின் கையெழுத்தோடு போங்கள். கரண்டு வைக்கிறவர் கையெழுத்தையும் வாங்குங்கள், அவர் கம்பியை எடுக்க அது ஒரு வழியாக அமையலாம்.

அதுவரை சூரிய மின்வேலி போடலாம். பேட்டரியிலிருந்து துடிப்புத் துடிப்பாக வரும் மின்சாரம் உதறிவிடும், கொல்லாது. வனத்துறையிடம் விதிமுறை கேட்டுப் பதிவு செய்துவிட்டே போடுங்கள். பழைய சேலை கட்டுவது, ஆமணக்கு வரப்பு, முடி தூவுவது எல்லாம் சில வாரம் பலிக்கும். பன்றி புத்திசாலி, பழகிவிடும். மாற்றி மாற்றிச் செய்தால் காய் முற்றும் வரையாவது தாக்குப்பிடிக்கலாம்.

கேரளத்தில் 2022 மே முதல் வேறு முறை. பஞ்சாயத்துத் தலைவருக்கே உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பட்டியலில் உள்ள, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரரை அழைத்துப் பன்றியைச் சுடச் சொல்லலாம். விஷம், வெடி, மின்சாரம் மூன்றும் அங்கேயும் கூடாது. செத்த பன்றியைப் புதைத்துவிட வேண்டும், கறி கிடையாது. பொறுப்பான துப்பாக்கிக்காரர்களைக் கண்டெடுத்து, பயிற்சி கொடுத்து, கணக்கு வைத்து இப்படி ஓர் ஏற்பாட்டை நம் மாவட்டத்திலும் செய்யலாம் என்பது என் கருத்து. வனத்துறைக்கு ஆள் போதாத இடத்தில் விவசாயியைக் கைகட்டி நிற்கச் சொல்வது நியாயமில்லை. அந்த வாதத்தைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள். கையில் கள்ளத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அந்த வாதத்தைச் சொல்ல முடியாது. ஊருக்கு நாலு பேர் திருட்டுத்தனமாகச் சுட்டுக்கொண்டிருந்தால், ‘இவர்கள் கையில் அதிகாரம் கொடுத்தால் என்ன ஆகும்’ என்று அதிகாரிகள் கேட்பார்கள், அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது.

அப்பாவின் துப்பாக்கி இருக்கிறதே, அதை இந்த வாரமே தீர்த்துவிடுங்கள். பரணிலிருந்து எடுக்கும்போது உள்ளே மருந்து கெட்டித்தபடி இருக்கலாம். வருஷக்கணக்கில் கிடந்த மருந்தும் வெடிக்கும். கம்பி விட்டுக் குத்திப் பார்க்காதீர்கள், குழலின் வாயை ஆள் பக்கம் திருப்பாதீர்கள். முதலில் ஸ்டேஷனுக்குப் போய்த் தகவல் சொல்லுங்கள். உரிமப் புத்தகம், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் இரண்டையும் கொண்டுபோய், அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமும் ஒப்படைக்கலாம். மிச்சமிருக்கும் கரிமருந்து, கேப்பு, குண்டு எல்லாவற்றையும் சேர்த்தே கணக்குக் காட்டுங்கள். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு மருந்தை அடுக்களைப் பரணில் விட்டுவைப்பவர்கள் நிறையப் பேர். ஒரு வருஷம் தாமதமாகிவிட்டதே, வழக்குப் போடுவார்களோ என்று பயமிருந்தால் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போங்கள். கிணற்றில் போடுவது, அடுத்தவரிடம் ‘கொஞ்ச நாள் வைத்திரு’ என்று கொடுப்பது இரண்டும் புதிய குற்றம்.

உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால், உரிமதாரர் இறந்தால் வாரிசுக்கு உரிமம் தர 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இடமிருக்கிறது. மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு கலெக்டருக்கு விண்ணப்பிக்க வேண்டும். உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, எழுபது வயதானாலோ துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றித் தரலாம் என்பது வயதான உரிமதாரர்கள் உள்ள வீடுகளுக்குத் தெரியாத விஷயம். தெரிந்திருந்தால் உங்களுக்கு இந்தச் சிக்கலே வந்திருக்காது. என்னைக் கேட்டால், சுட முடியாத துப்பாக்கியை வருஷா வருஷம் காபந்து பண்ணுவதைவிட ஒப்படைத்துவிடுவதே நிம்மதி. அப்பாவின் ஞாபகம் என்றால் உரிமப் புத்தகத்தின் முதல் பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டுமன்னார்கோயில் அம்மாவுக்கு: கண்டிக்கலாம். கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. குழலின் விட்டம் 0.177 அங்குலத்துக்கு மேற்படாமலும், குண்டின் வேகத்திறன் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் அந்த ஏர்கன்னுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. ஆனால் கொக்குக்கு அந்த விலக்கு தெரியாது, வனவிலங்குச் சட்டத்துக்கும் தெரியாது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, கூட்டையும் முட்டையையும் சிதைப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாம் வேட்டைதான். கொக்கு, நாரை, மடையான், சிறவி, நாமக்கோழி என்று வீராணத்தில் அவன் பார்க்கும் நீர்ப்பறவைகள் அட்டவணையில் இருக்கின்றன. குறி தப்பினாலும் முயற்சி முயற்சிதான்.

உங்கள் மகனிடம் சட்டத்தை வைத்துப் பேசாதீர்கள், பதினைந்து வயதுக்கு அது ஏறாது. ஈயத்தை வைத்துப் பேசுங்கள். ஏர்கன் குண்டு ஈயம். வாத்தும் சிறவியும் நெல்லை அரைக்க மணலையும் பொடிக்கல்லையும் விழுங்கும். சேற்றில் கிடக்கும் ஈயக் குண்டையும் கல்லென்று நினைத்து விழுங்கிவிடும். அரைவைப்பையில் அது தேய்ந்து இரத்தத்தில் கலக்கும். ஒன்றிரண்டு குண்டே ஒரு வாத்தைக் கொல்லப் போதும். வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளிலேயே இதைத் தடுத்துவிட்டார்கள். டென்மார்க் 1996இல் ஈய ரவையை விலக்கியது. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை நாடு முழுவதும் தடை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈரநிலங்களில் 2023 பிப்ரவரி முதல் தடை. அங்கே வேட்டைக்காரர்கள் எஃகு ரவைக்கு மாறியபோது முணுமுணுத்தார்கள், விலை அதிகம், தூரம் போகாது என்றார்கள். ஆனாலும் மாறினார்கள். நம் ஏரி வேட்டைக்களம் மட்டுமல்ல. கொள்ளிடத் தண்ணீர் வடவாற்றில் வந்து நிறைந்து, நம் வயலுக்கும் சென்னையின் குழாய்க்கும் போகிற ஏரி.

துப்பாக்கிச் சத்தத்துக்கு எதிராக ஏரிக்கரைக் கிராமத்தார் எழுந்ததும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வேடந்தாங்கலில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேசிடம் முறையிட்டார்கள். 1798இல் அவர் எழுதிக் கொடுத்த உத்தரவு அந்த ஏரியை இன்றைய சரணாலயமாக்கியது. எச்சம் கலந்த தண்ணீர் நெல்லுக்கு உரம் என்று கண்ட விவசாயிகள் அவர்கள். நம் வீராணமும், 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த பிச்சாவரமும் பறவைக்குப் பக்கத்துப் பக்கத்து இடங்கள்தான்.

வீட்டில் ‘நரிக்குறவர்கள் அடிக்கவில்லையா’ என்று ஒரு கேள்வி வரும். வரும் என்று தெரிந்தே சொல்கிறேன். வேட்டையும் குருவி பிடிப்பதும் அவர்கள் பிழைப்பாக இருந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மற்ற மரபு உரிமைகளை ஏற்றுக்கொண்டபோதும் வேட்டையாடும் மரபு உரிமையை மட்டும் விலக்கிவைத்தது. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பிழைப்பை 1972இலும் 1991இலும் எடுத்துக்கொண்டு, மாற்று வழியை முப்பது வருஷம் கழித்து யோசித்த சமூகம் நாம். வழக்கு என்று வந்தால் கையில் பறவையோடு நிற்பவர் மாட்டுவார். காரை நிறுத்தி இறங்கி, ‘கொக்கு இருக்கா, கௌதாரி இருக்கா’ என்று கேட்டு வாங்கிப் போனவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடையைக் கடையில் வாங்கித் தின்பது வேறு. சாலையோரத்தில் இறகு பிய்த்துக் கட்டித் தொங்கும் மடையானை வாங்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. உங்கள் மகனுக்கோ பிழைப்பும் இல்லை, பசியும் இல்லை.

ஏர்கன்னைப் பிடுங்கி உடைக்க வேண்டாம். தாய்மாமன் கொடுத்தது, உடைத்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும், பையன் வேறெங்காவது இரவல் வாங்குவான். அவனுக்குக் குறி பார்க்கும் ஆசை இருக்கிறது, அதற்கு நல்ல இடம் இருக்கிறது. உலக அளவில் பதக்கம் வாங்கி, டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுட்ட இளவேனில் வாலறிவன் பிறந்தது நம் கடலூரில். அந்தப் போட்டிக்கான குண்டின் விட்டம் நாலரை மில்லிமீட்டர், அதாவது உங்கள் மகன் கையில் இருக்கும் அதே 0.177. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையில், பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி அரை மில்லிமீட்டர். கொக்கு அதோடு ஒப்பிட்டால் கோயில் கோபுரம் மாதிரி. அட்டை வாங்கிக் கொடுங்கள். பின்னால் மணல்மூட்டை அடுக்குங்கள். அடித்த ஈயக் குண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போடச் சொல்லுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டுத் தட்டைத் தொடக் கூடாது. கண்ணாடி போடாமல் சுடக் கூடாது. நீங்களோ மாமாவோ பக்கத்தில் இல்லாதபோது துப்பாக்கி பீரோவில், சாவி உங்கள் இடுப்பில். ஆறு மாதத்துக்குப் பிறகும் அவனுக்கு ஆர்வம் குறையவில்லையென்றால் ரைஃபிள் கிளப் ஒன்றில் விசாரியுங்கள். சேர்க்கைக்கு வயதுச் சான்றிதழும் பெற்றோர் சம்மதக் கடிதமும் கேட்பார்கள்.